ரம்ஜான் கோப்பும் எஸ்தரின் வேலையும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை திவ்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆம்பூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஷூ கம்பெனியின் கணினிப் பிரிவில், என்னுடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். கம்பெனியின் தரவுத்தளத்தை வெளியூரில் எங்கோ இருக்கும் வாடகை சர்வருக்கு மாற்றும் வேலை நடக்கிறதாம்.

"அக்கா, செட்டிங் ஃபைல்ல மாத்திட்டேன், சேவ் பண்ணிட்டேன், ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். அது பழையபடியே நிக்குது. ஒரே பேஜாரா இருக்குக்கா."

"ஃபைலத் தொறந்து பாத்தியா, இல்ல கேட்டியா?"

"கேக்குறதுன்னா இன்னாக்கா?"

ஒரு கட்டளையைச் சொல்லித் தட்டச் சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, அதே செட்டிங் ரெண்டு தடவ வருதுக்கா! இது தெரியாம நேத்திலருந்து மண்டைய ஒடச்சிக்கினேன். யாருக்கா உங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த ஒற்றை வரிக் கட்டளையால் எங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் தப்பின. அதைத்தான் எழுதப்போகிறேன். தினமும் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் கிழமைகளை நம்பலாம். பேச்சுகளை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

நான் கணினிக்கு வந்த வழி நேரானதல்ல. தட்டச்சில் ஹையர் முடித்துவிட்டு, கம்பெனி ஸ்டோரில் வந்திறங்கும் தோல்களின் சதுர அடியைப் பதிகிற வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி கணினி வாங்கியபோது, வேகமாகத் தட்டச்சு செய்பவள் என்ற ஒரே தகுதியில் அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். சாயங்காலங்களில் பஸ் பிடித்து வேலூர் போய் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்தேன். திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரைக்கும் பாடப் புத்தகம், அதற்கப்புறம் கதைப் புத்தகம். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

உண்மையில் வேலை கற்றது இம்ரான் சார் வந்த பிறகு. வாணியம்பாடிக்காரர். என்னைவிடப் பல வயது இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'ஜெயாக்கா' என்பார். முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அவருடைய முறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்வர் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பிரிவிலிருந்து பறக்கும் தூசி செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்து இயந்திரத்துக்குள் புகுந்துவிடும் என்பார். முதலாளியின் மருமகனையே வாசலில் நிறுத்திக் கழற்றச் சொன்னவர் அவர். இரண்டாவது, அமைப்பு எதையும் ஒருவர் தனியாக மாற்றக்கூடாது. ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும், மற்றவர் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க வேண்டும். தட்டச்சு என்னுடையது, வாசிப்பு அவருடையது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிப்பார். வெளியிலிருந்து கேட்பவர்கள் சிரிப்பார்கள். "ஜெயாக்கா, உங்க சார் இன்னிக்கு எத்தினி பேர் ஆப்சென்ட்டுன்னாரு?" என்று கட்டிங் பிரிவு ஆட்கள் கேண்டீனில் கேலி செய்வார்கள்.

மூன்றாவது முறைதான் முக்கியம். தரவுத்தளம் தொடங்கும்போது சில அமைப்புகளைக் கோப்புகளிலிருந்து படித்துக்கொண்டுதான் எழும். ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம், தரவை எங்கே வைத்திருக்கிறது, பிசகான பதிவு வந்தால் மறுப்பதா ஏற்பதா என்பது போன்றவை. அவை யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகள். ஆனால் கோப்பு ஒன்றே ஒன்று இல்லை. ஒரு கோப்பு இன்னொரு கோப்புறையைக் காட்டும், அதற்குள் நாலு கோப்பு இருக்கும். வேறொரு இடத்திலும் ஒன்று இருக்கும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படித்ததுதான் நிற்கும். அதனால் ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு 'இதுதான் நிலவரம்' என்று சொல்ல முடியாது.

இதற்காகவே ஒரு சிறிய கருவி தரவுத்தளத்துடனேயே வருகிறது. கறுப்புத் திரையில் இப்படித் தட்ட வேண்டும்:

my_print_defaults mysqld

அவ்வளவுதான். தரவுத்தளம் எந்தெந்தக் கோப்பைப் படிக்குமோ அவை எல்லாவற்றையும் அதே வரிசையில் படித்து, அமைப்புகளை வரிக்கு ஒன்றாக அச்சிடும். எதையும் மாற்றாது. எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். இம்ரான் சார் இதைத்தான் 'கேட்பது' என்பார். "ஃபைலப் பாக்காதீங்க ஜெயாக்கா. அதப் படிக்கிறவனக் கேளுங்க." மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திடமும் உன் மனத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்க வேண்டும். கோப்பை மாற்றினாலும், மறுபடி தொடங்கும்வரை அது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி ரம்ஜான் கோப்பு.

நோன்பு மாதத்தில் எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் நேரம் மாறும். அதிகாலையிலேயே தொடங்கி, சாப்பாட்டு இடைவேளை இல்லாமல், பிற்பகலில் முடிந்துவிடும். இந்து, கிறிஸ்துவப் பெண்களுக்கும் அந்த நேரம் பிடிக்கும். வெயில் தாழ வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம் பழையது. அந்த ஷிஃப்டை அது RAMZAN என்று அனுப்பும். எங்கள் தரவுத்தளத்தில் ஷிஃப்டின் பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் ஐந்து எழுத்துதான் கொள்ளும். தரவுத்தளத்தைக் கண்டிப்பு நிலையில் வைத்திருந்தோம். இடத்துக்கு மேல் நீளமாக எது வந்தாலும் மறுத்துப் பிழை காட்டிவிடும். முதல் நோன்பன்று ஒரு ஆளின் வருகைகூடப் பதியவில்லை. இயந்திரத்தை விற்றவர் கடையையே மூடிவிட்டார். மென்பொருள் எழுதியவர்களோ, அந்த இடத்தைப் பெரிதாக்கத் தரவுத்தளப் பட்டியலில் கைவைத்தால் பராமரிக்க மாட்டோம் என்றார்கள்.

இம்ரான் சார் ஒரு வழி செய்தார். ramzan.cnf என்று தனியாக ஒரு சிறு கோப்பு. அதில் ஒரே அமைப்பு: கண்டிப்பு இல்லை. அதை அமைப்புக் கோப்புறையில் போட்டால், நீளமாக வரும் பதிவைத் தரவுத்தளம் மறுக்காமல், கொள்ளுகிற அளவுக்கு வெட்டி ஏற்றுக்கொள்ளும். வருகைத்தாளில் எல்லோர் பெயருக்கும் நேரே RAMZA என்று வந்தது. "சார், கடைசி எழுத்த யாரோ நோன்பு தொறக்கறப்போ துன்ட்டாங்க" என்றார் வாட்ச்மேன். ஆண்டுதோறும் முதல் நோன்புக்கு முந்தின நாள் கோப்பைப் போடுவோம், பெருநாளுக்கு மறுநாள் எடுப்போம். இது எங்கள் பிரிவின் சடங்கு மாதிரியே ஆகிவிட்டது.

சிக்கல் வந்த ஆண்டில் நோன்புக்கு நடுவிலேயே சர்வரை மாற்ற வேண்டி வந்தது. இம்ரான் சார் புது இயந்திரத்துக்குரிய இடத்தில் எல்லாக் கோப்புகளையும் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய அமைப்புக் கோப்புறையையும் அப்படியே நகலெடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தார். பெருநாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக நான் அரக்கோணத்தில் இருந்தேன். இம்ரான் சாரின் மகளுக்குக் காய்ச்சல், வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவசரமாக வந்து, புது இடத்தில் இருந்த ரம்ஜான் கோப்பை நீக்கி, சர்வரை மறுபடி தொடங்கிவிட்டு, கேட்டுப் பார்க்காமலேயே, வந்த வண்டியில் வேலூருக்குத் திரும்பிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

பேக்கிங் பிரிவுப் பொறுப்பாளர் எஸ்தர். பழுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஹால் முழுக்க நடப்பாள். அவள் குரல் கேட்டால் பெண்களின் கை தானாக வேகமெடுக்கும். அந்தக் கோடையில் ஒரு புதிய வெளிநாட்டு பையரின், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின், ஆர்டர் வந்தது. ஒரே ஷூ, இரண்டு அகலம். மாடலின் குறியீட்டில் கடைசி எழுத்து மட்டும் வேறு: சாதாரணப் பாதத்துக்கு G, அகலப் பாதத்துக்கு H. கணினியிலிருந்து வரும் லேபிளைப் பார்த்துத்தான் பேக்கிங்கில் அடுக்குவார்கள். லேபிள் ஒன்றாக இருந்தால் ஷூவும் ஒன்று. அதுதான் முறை.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை பையரிடமிருந்து மெயில் வந்தது. ஒரே அட்டைப்பெட்டியில் இரண்டு அகலமும் கலந்திருக்கின்றன. அடுத்த கன்டெய்னரை நிறுத்துங்கள்.

வியாழக்கிழமை விசாரணை. ஃபேக்டரி மேனேஜர் ராஜசேகர் சாரின் அறையில் பிளானிங் ஆள், எஸ்தர், இம்ரான் சார், குறிப்பெடுக்க நான். பிளானிங் ஆள், தான் தட்டிய ஆர்டர் தாளைக் காட்டினார். அதில் G, H எல்லாம் சரியாக இருந்தன.

"லேபிள்ல இன்னா வந்துச்சோ அதப் பாத்துதான் சார் அடுக்குனோம்" என்றாள் எஸ்தர்.

"லேபிள் கம்ப்யூட்டர்ல வருதுமா. அது மாத்தி அடிக்குமா?" மேனேஜர் இம்ரான் சார் பக்கம் திரும்பினார். "இன்னா இம்ரான், எழுத்து விட்டுப்போறதுக்கு சான்ஸ் இருக்கா?"

"இல்ல சார். எடம் பத்தலன்னா நம்ம சிஸ்டம் ஏத்துக்கவே ஏத்துக்காது. எரர் குடுத்து நிறுத்திடும். அப்டிதான் செட் பண்ணி வெச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த நிலவரம் அதுதான். ஆனால் அந்தப் பதிலோடு விசாரணை முடிந்துவிட்டது. பேக்கிங்கில் ஷூக்களைக் கலந்துவிட்டு, லேபிள்களை மாற்றி ஒட்டி மறைத்துவிட்டார்கள் என்று மேனேஜர் முடிவு கட்டினார். எஸ்தரே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் கௌரவமாக அனுப்பிவிடலாம், சனிக்கிழமை வந்து எழுதிக் கொடு என்றார். அதற்கு முன்பே பேக்கிங் ஹாலில், அத்தனை பெண்கள் முன்னால், "கண்ணு தெரியலன்னா வீட்ல ஒக்காரு" என்று அவளிடம் கத்தியிருந்தார்.

சனிக்கிழமை காலை தண்ணீர் பிடிக்கப் போனபோது, மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். டேப் சுருள் மணிக்கட்டிலேயே இருந்தது.

"எஸ்தர், சாப்டியா?"

"எறங்கல ஜெயாக்கா." சுருளை மணிக்கட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். "வேல போனா போவுது. இங்க இல்லன்னா வாணியம்பாடி. ஆனா அங்கயும் கேப்பாங்களே, ஏன் வந்துட்டேன்னு. சரக்கக் கலந்தவன்னு பேரு எடுத்துக்கினு எங்க போறது?"

நான் தண்ணீர் பிடிக்காமலேயே திரும்பிவிட்டேன்.

"சார், ஒரு தடவ கேட்டுப் பாத்துடலாமா?"

இம்ரான் சார் நிமிர்ந்து பார்த்தார். எதைக் கேட்பது என்று அவர் கேட்கவில்லை. "வாங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார்.

நான் தட்டினேன். அவர் விரல் வைத்துப் படித்தார். தரவு இருக்கும் இடம், இணைப்புகளின் எண்ணிக்கை, நினைவக அளவு. கண்டிப்பா இல்லையா என்று சொல்லும் sql-mode என்ற வரி வந்தது. கண்டிப்பு என்று இருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்து படித்தார். இன்னும் சில வரிகள் தாண்டி, அடியில் மறுபடி வந்தது:

--sql-mode=

சமக்குறிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, அதாவது கண்டிப்பு இல்லை. முதல் வரியைக் கடைசி வரி தள்ளிவிட்டிருந்தது. அவருடைய விரல் அங்கேயே நின்றது. ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்திடமும் கேட்டோம். அதுவும் வெற்றாகத்தான் பதில் சொன்னது. ஆர்டர் பட்டியலைத் திறந்தோம். புது பையரின் குறியீடு, ஒதுக்கிய இடத்தைவிட ஒரு எழுத்து நீளம். G ஆர்டர், H ஆர்டர் இரண்டுக்கும் நேரே கடைசி எழுத்து வெட்டப்பட்டு ஒரே குறியீடு. கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடினோம். பழைய இடத்தில், நகலெடுத்து வைத்த கோப்புறைக்குள், ramzan.cnf இருந்தது. தரவுத்தளம் அதையும் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்றார். பிறகு, "நான் வெச்சது ஜெயாக்கா."

அதை அங்கேயே நீக்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்திருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் விளங்கியிருக்காது. என் கை விசைப்பலகை மேலேயே இருந்தது. அவர் சொன்னார்: "தொடாதீங்க. அப்டியே இருக்கட்டும். மேனேஜர் வந்து பாக்கணும்."

மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது முறைத்துக்கொண்டே கழற்றினார். இம்ரான் சார் மறுபடி ஓட்டச் சொல்லி, இரண்டு வரிகளையும் காட்டி, எழுத்து எப்படி வெட்டுப்பட்டது என்று விளக்கினார்.

"சரி, யாரோட ஃபைல் அது?"

"என்னுது சார். நான் எடுத்திருக்கணும். எடுத்துட்டேன்னு நெனச்சி அன்னிக்கு உங்ககிட்டயும் அடிச்சிச் சொல்லிட்டேன்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "இப்ப இத டெலீட் பண்ணிடு. பையருக்கு சாஃப்ட்வேர் எரர்னு மெயில் போட்டுக்கலாம். அந்தம்மாவ வேற செக்ஷன்ல போட்டுடறேன். முடிஞ்சிச்சு."

"வேற செக்ஷன் இன்னாத்துக்கு சார்? அவங்க தப்பு பண்ணவே இல்லியே. மாத்தறதுன்னா என்னிய மாத்துங்க."

மேனேஜர் திரையில் இருந்த இரண்டு வரிகளையும் மறுபடி பார்த்தார். கடைசியில், "நீயே கூப்ட்டு சொல்லு" என்று வெளியே போனார்.

எஸ்தர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "என்னிய இங்க திட்டல சார். ஹால்ல வெச்சித் திட்டுனாங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

இம்ரான் சார் போனார். எஸ்தர் கன்வேயரை நிறுத்தச் சொன்னாள். அது நின்றதும், அவர் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ரம்ஜான் கோப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, எஸ்தர் மேலோ பெண்கள் மேலோ தவறே இல்லை, தவறு என்னுடையது என்று சொன்னார். சர்வர் அறையில் கணீரென்று படிக்கிற குரல் அங்கே கம்மியாகத்தான் வந்தது. வாசலருகே மேனேஜரும் கைகட்டி நின்றிருந்தார். கேட்கட்டும் என்றே வந்து நின்றாரா, தற்செயலா, எனக்குத் தெரியாது.

பின்வரிசையிலிருந்து ஷபானா என்ற பெண் குரல் கொடுத்தாள். "சார், எங்களுக்கெல்லாம் நோன்பு முடிஞ்சி பக்ரீத்தே வரப்போவுது. உங்க கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் நோன்புல இருக்குதா?"

ஹாலே சிரித்தது. இம்ரான் சாரும் சிரித்துவிட்டார். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. அனுப்பாமல் நின்றிருந்த கன்டெய்னர் பெட்டிகளைப் பிரித்து, ஷூவின் உள் அட்டையில் குத்தியிருக்கும் முத்திரை பார்த்து அகலம் பிரிக்கும்படி பெண்களுக்குச் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அது இன்னா வரி சார்? எனக்குக் காட்டுங்க."

அந்த ஆண்டு இம்ரான் சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் முகத்தில் அந்தக் கவலை எதுவும் இல்லை. ஒரு விருந்தாளியை அழைத்து வருகிற மாதிரிதான் எஸ்தரை அழைத்து வந்தார். யாரும் சொல்லாமலே அவள் செருப்பை வெளியே விட்டாள்.

கட்டளையை மறுபடி ஓட்டினேன். இம்ரான் சார் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். எஸ்தர் குனிந்து பார்த்தாள். நெருங்கி வந்து மறுபடி பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியே சார்."

"ஆமாம்மா. ஒண்ணுமே இல்லாததுதான் பிரச்சன."

"ஒண்ணுமே இல்லாத வரிக்கா நான் நாலு நாளா சோறு துன்னாம கெடந்தேன்?"

இம்ரான் சார் என்னை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். கோப்பை நீக்கும் கட்டளையை நான் நின்றபடியே தட்டி வைத்தேன். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டினேன். டேப் சுருளை மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு விரலால் அழுத்தமாக அழுத்தினாள்.

தரவுத்தளத்தை மறுபடி தொடங்கினோம். கேட்டோம். இம்ரான் சார் படித்தார். கண்டிப்பு என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வேறு வரி வரவில்லை.

"நெஜமாவே போய்டுச்சா?"

"போய்டுச்சு" என்றேன்.

எஸ்தர் எழுந்தாள். "அப்ப நான் வர்றேன் ஜெயாக்கா. இந்நேரம் அதுங்க பெட்டியத் தாறுமாறா பிரிச்சிப் போட்டிருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வராந்தாவின் பாதியிலேயே அவள் குரல் ஹாலை எட்டிவிட்டது.